புங்கெண்ணெய்க் கேனின் மூடி

"மேஸ்திரி, மறுபடியும் பிரிஞ்சிட்டு!"

வெயிலுகந்தான் கேனை டொம்முன்னு பட்டறை வாசல்ல வெச்சார்.

அவருக்கு வயசு அம்பத்தி நாலு. இஞ்சின் மேஸ்திரி மாடத்திக்கு முப்பத்தொண்ணு. டீசல் வாங்கிக் கட்டுப்படியாகாம, புங்கெண்ணெயில ஸ்பிரிட்டு கலந்து பம்புசெட்டு ஓட்டுற வித்தைய அவகிட்டத்தான் ரெண்டு மாசமாப் படிக்கார்.

"பிரியத்தான் செய்யும்"னா மாடத்தி.

"மொளகா பூத்து நிக்கி, மேஸ்திரி. இன்னைக்குத் தண்ணி பாயலன்னா நாளைக்கு அம்புட்டும் உதுந்துரும். நீங்க சொன்ன அளவுதான் ஊத்துனேன். எண்ணெ கீழ, ஸ்பிரிட்டு மேல. மாமியா மருமக கணக்கா நிக்கி."

மாடத்தி புதுசாக் கலந்தா. ஒரு பாட்டில அவர் கையில கொடுத்தா. இன்னொரு பாட்டிலயும் மிச்சத்த ஊத்துன தகரக் கேனையும் இறுக்க மூடிப் பரண்ல வெச்சா.

"எல்லாம் ஒரே கலவைதான் அண்ணாச்சி. சாயங்காலம் வரைக்கும் அத நீங்க பாத்துக்கிடுங்க."

பாக்கச் சொன்னா வெயிலுகந்தான் விடுவாரா?

திறந்தார். மோந்தார். வேப்பங்குச்சிய விட்டுக் கலக்குனார். மூடுனார். ஒரு பீடி பத்த வைக்கிற நேரங்கூட ஆகல, மறுபடி திறந்தார்.

"என்ன அண்ணாச்சி, கொழம்பு கொதிச்சிட்டா?"ன்னார் எதுத்த டீக்கடைக்காரர்.

பொழுது சாய்ஞ்சது. மாடத்தி பரண்ல இருந்த பாட்டில எடுத்து அவரோடத்துக்குப் பக்கத்துல வெச்சா.

அவளோடது ஒரே நிறம். அவரோடது ரெண்டு.

"எத்தன தடவ திறந்தீய?"

"சும்மா... சரியா இருக்கான்னு பாக்கத்தான்."

"எத்தன தடவ?"

"ஒரு இருவது... முப்பது இருக்கும்."

"இது கடக்காத்து அடிக்கிற ஊரு. ஸ்பிரிட்டு காத்துல உள்ள ஈரத்தக் குடிச்சிரும். குடிச்சிட்டா எண்ணெயோட ஒட்டாது."

தகரக் கேனை இறக்கி அவர் கையில கொடுத்தா.

"இதுவும் நல்லாத்தான இருக்கும், மேஸ்திரி?"

மாடத்தி ஸ்பானர எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

ஏழு மைல் சைக்கிள். கேரியர்ல கேன். வழியில ரெண்டு இடத்துல இறங்குனார். கை தானா மூடிக்குப் போச்சு. கையப் பின்னால கட்டிக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னார். திரும்ப ஏறி மிதிச்சார்.

கெணத்து மேட்டுல பொஞ்சாதி உலகம்மா நின்னா.

"இந்தத் தடவையாவது சேந்திருக்கா?"

"தெரியாது."

"திறந்து பாக்கலியா?"

"இல்ல."

"ஒமக்கு நட்டு கழண்டுட்டா? பூவு போச்சின்னா வருசமே போச்சி!"

"இஞ்சின்ல ஊத்தணும், புனல எடு"ன்னார்.