சென்னியப்பன் மாட்டிய போர்வெல் மோட்டார்

கணபதி ஏரியாவுல சென்னியப்பனோட மோட்டார் காயில் கட்டுற பட்டறைக்கு என் மாவுக் கடை கிரைண்டர் மோட்டாரைத் தூக்கிட்டுப் போன அன்னைக்குத்தான் ஸ்டெல்லா மேடமும் வந்தாங்க. பாலிடெக்னிக்குல எலக்ட்ரிகல் பாடம் எடுத்து ரிட்டயர் ஆனவங்க. அவங்ககிட்ட ஒரு ரிமோட் பிளேன் உண்டு. குளத்துத் தண்ணியிலயே எறங்கும், தண்ணியிலிருந்தே ஏறும். மூணு வாரத்துக்கு முன்னாடி சிங்காநல்லூர் குளத்துல தலைகுப்புற முழுகிருச்சு. தேடி எடுத்து, அன்னைக்கே இங்க ரிப்பேருக்குக் குடுத்தாங்க. வர்ற ஞாயித்துக்கெழமை போட்டி.

"பிளேன் ரெடியா?"ன்னாங்க.

சென்னியப்பன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தான். அவன் அப்படி உக்காந்தாலே என்ன வரப்போகுதுன்னு ஊருக்கே தெரியும். காயில் சுத்திட்டிருந்த தெய்வாத்தா நிமிரக்கூட இல்லை. பத்து வருசமா அவன்கிட்ட வேலை பாக்கறா.

"ரெடியான்னு சுளுவாக் கேட்டுட்டீங்க. வயித்தைத் தொறந்தேன், தண்ணி வந்துது. ஒரு குடம், ரெண்டு குடம், தெருவே வரிசையில நின்னு பிடிச்சுது. கடைசியில நாலு கிலோ ஜிலேபிக் கெண்டை மீனு. ரிசீவர் மேல ஒரு நண்டு உக்காந்துட்டு எறங்க மாட்டேங்குது."

"என் கை நீளம்கூட இல்லாத பிளேன்லயா?"ன்னேன்.

"மாவாட்டறவனுக்கு மாவுதான் தெரியும்"னுட்டு மேடம் பக்கம் திரும்பிக்கிட்டான். "காய வெக்கோணுமில்லீங்க? அரைகுறைங்க அரிசி டப்பாவுல போடுவானுங்க. நான் நாலு மூட்டை அரிசியில பொதைச்சேன். காலையில பாத்தா நாலு மூட்டையும் சாதமா வெந்திருக்குது. அத்தனை ஈரம்."

"அடுப்பு?"ன்னா தெய்வாத்தா.

"பேட்டரி சூடு"ன்னான் பட்டுன்னு.

"மோட்டார் என்னாச்சு?" மேடம் கேட்டாங்க.

"அதெல்லாம் ஒரு மோட்டாருங்களா? கொசு சுத்தற மாதிரி. கடையில கேட்டா தீப்பெட்டி சைஸுல ரெண்டை எடுத்து நீட்டறான். அங்கயே வெச்சுட்டு வந்து நானே ஒண்ணு கட்டி ஓட விட்டேன். அந்தக் காத்துல தெருவுல இருந்த ஃபேன் எல்லாம் பின்பக்கமாச் சுத்தி, கரண்டு ட்ரான்ஸ்பார்மருக்கே திரும்பிப் போயிருச்சு. லைன்மேன் வந்து கும்பிட்டான்."

"ரெண்டு மோட்டார் வேணுமே. ஒரே பக்கம் சுத்துச்சா, எதிரெதிராச் சுத்துச்சா?"

சென்னியப்பன் ரெண்டு கையையும் நீட்டித் தெசை காட்டினான். "ஒண்ணு கெழக்கே, ஒண்ணு தெக்கே"ன்னான்.

மேடம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க.

"அதையும் தூக்கி வீசிட்டேன். ஏன்னா ரோசிச்சேன். புஸ்தகம் படிச்சவங்க ரோசிக்க மாட்டாங்க. தண்ணியில கெடாத மோட்டார் எது? போர்வெல் மோட்டார். ஆயிரம் அடிக்குக் கீழ தண்ணிக்குள்ளயே கெடக்குது, ஒரு தும்மல் உண்டுங்களா? ஏழரை ஹெச்பி, றெக்கைக்கு ஒண்ணு மாட்டினேன்."

"ஒண்ணே அறுபது கிலோ இருக்குமே"ன்னேன்.

"தரையில அறுபது. காத்துல போய் நிறுத்தது யாரு?"

நான் என் மோட்டாரைக் கீழ எறக்கி வெச்சேன்.

"குளத்துல விட்டனுங்க. போர்வெல் மோட்டார் புத்தி எங்க போகும்? தண்ணியை உறிஞ்சிட்டே ஏறுது. பிளேன் மேல போகப் போகக் குளமும் ஒட்டுக்கா மேல போகுது. அடியில வெறும் சேறு. கொக்கெல்லாம் அண்ணாந்து பாக்குது. பல்லடத்துக்கு மேல போனப்ப சுவிச்சை அமத்தினேன். மழை. மீனோட மழை. கோழிப்பண்ணை வெச்சிருக்கற பல்லடத்துக்காரனே கோழியை மறந்துட்டு ஒரு வாரம் மீன் தின்னான்."

"அந்த ரிமோட் ஒரு கிலோமீட்டர்தான் எட்டும்"னாங்க மேடம்.

"ஒங்க கையிலன்னு சொல்லுங்க."

"சரி, இப்பப் பிளேன் எங்க?"

"மேலதானுங்க இருக்குது. சுவிச்சை அமத்தினதுல அதுக்கு ரோசம். எறங்க மாட்டேங்குது. போட்டிக்கு நேரா வந்துரும்."

தெய்வாத்தா கம்பியை வெட்டிக் கீழ வெச்சா. "நெசந்தானுங்க மேடம். மேலதான் இருக்குது. பீரோ மேல."

நான்தான் ஏறி எடுத்தேன். ஒரு சாக்கு. மேடம் கட்டின சணல் கயிறு, அவங்க போட்ட முடிச்சு, அப்படியே இருந்துது. தொட்டா இன்னும் சதசதங்குது. குளத்து வாடை பட்டறை முழுக்க அடிச்சுது. மேடம் முடிச்சை அவுத்து, ஒரு மோட்டாரை விரலால சுத்திப் பாத்தாங்க. அசையலை. விரல்ல துருதான் ஒட்டுச்சு.

"அன்னைக்கே பிரிச்சுக் காய வெச்சிருந்தாப் பொழைச்சிருக்கும்"னாங்க, தனக்குத்தானே சொல்லிக்கிற மாதிரி. அப்பறம் தெய்வாத்தாளைப் பாத்தாங்க. "புதுசா ரெண்டு சின்ன மோட்டார் வாங்கறேன். உனக்குச் சாலிடர் வெக்க வருமாம்மா?"

"வருமுங்க."

"என் வீட்டுல மேஜை இருக்கு. இன்னும் நாலு நாள் இருக்கு. வர்றியா?"

தெய்வாத்தா கையைத் துடைச்சுட்டு எந்திரிச்சா.

சென்னியப்பனுக்கு அப்பத்தான் மூஞ்சி மாறுச்சு. ஆனா வாய் மாறலை. "பாத்தீங்களா மேடம், எப்ப எறங்குச்சுன்னே தெரியலை. அதுவே சாக்குக்குள்ள பூந்து, அதுவே முடிச்சும் போட்டுக்கிச்சு."

மேடம் சாக்கை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு அவன் பக்கம் திரும்பினாங்க.

"அத்தனை கெட்டிக்காரப் பிளேனுக்கு நீங்க எதுக்குங்க?"