பெட்டியை அணைப்பது யார்

"அந்தப் பொட்டி ஒரேயடியாச் செத்துத் தொலைஞ்சாத்தான் இந்த வீட்டுக்கு விடிவு."

கொல்லைவாசலில் கீரைக்காரியிடம் பேச்சியம்மாள் சொன்னது இவ்வளவுதான். கால் கழுவப் போன ஆவுடையப்பன் காதில் அது விழுந்தது. கழுவாமலே திரும்பிவிட்டார்.

அன்று முற்பகல் கணினி மறுபடியும் அணைந்தது.

தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூரில், ஓட்டு வீடு ஒன்றில் உலகம்மை இருந்தார். மாலையானால் நாலு பேர் வந்து உட்கார்வார்கள். கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் சும்மா இருப்பார். முன்பு ஒரு கல்லூரியில் கணினிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஆவுடையப்பன் அவரைவிட வயதில் மூத்தவர். தணிக்கைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, வீட்டிலிருந்த பழைய கணினியையும் தூக்கிக்கொண்டு சீடராக வந்து சேர்ந்தார். உலகம்மை சொல்வதையெல்லாம் தட்டச்சு செய்து புத்தகமாக்க வேண்டும் என்பது அவர் ஆசை. உலகம்மை வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இவர் அவரை அம்மா என்பார். அவர் இவரை அண்ணாச்சி என்பார்.

பேச்சியம்மாள் அங்கே சமைப்பவள். புருஷன் வீடு வேண்டாம் என்று வந்துவிட்டாள். அண்ணன் வீட்டில் அண்ணியின் முகம் கோணியது. உலகம்மையின் அடுக்களையை விட்டால் அவளுக்குப் படுக்க வேறு இடமில்லை. வாய் மட்டும் யாருக்கும் அடங்காது.

ஆவுடையப்பன் உலகம்மையிடம் போனார்.

"அம்மா, பெட்டி தானா அணையலை. யாரோ அணைக்கிறாங்க."

"யாரு?"

"பேச்சி காபி கொண்டுவருவா. கொஞ்ச நேரத்துல டப்புன்னு அணையும். தினமும் இதேதான்."

"காபி வர்றப்போ பெட்டி எவ்வளவு நேரமா ஓடியிருக்கும்?"

"காலையில பூஜை முடிஞ்சதும் போடுவேன். அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. எழுதினதெல்லாம் போயிருச்சோ?"

"போச்சு. எழுதி முடிச்சுக் கடைசியிலதான் சேமிப்பேன். நடுவுல சேமிச்சா, நான் எந்திரிச்சுப் போற நேரம் யாராவது திறந்து பார்ப்பாங்க."

உலகம்மை புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

ஆவுடையப்பன் எதிரில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"சந்தேகப்படுறது தப்பாம்மா?"

"தப்பில்ல. சந்தேகப்படாம எதையும் சரிபண்ண முடியாது. ஆனா ஒரு சமயத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பாருங்க."

அவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். மறுநாள் பேச்சியை வீட்டிலிருந்து மாற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தார்.

"பேச்சி, நாளைக்குக் குற்றாலம் போய்க் குளிச்சிட்டு வா. சமையலை நான் பாத்துக்கிடுதேன்."

பேச்சி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னது, ஆபீசரய்யாவுக்கு என் மேல திடீர்னு பாசம் பொங்குது?"

"போயிட்டு வாயேன்."

"போறேன். ரசத்துல உப்பு ரெண்டு தடவை போட்டுராதீங்க."

அவள் போன அன்று, காபி கொண்டுவர யாருமில்லாத அந்த வீட்டில், வழக்கமான நேரத்துக்குக் கணினி அணைந்தது.

சாயங்காலம் உலகம்மை கேட்டார். "என்ன ஆச்சு?"

"அணைஞ்சிருச்சு."

"அப்போ?"

"போறப்பவே எதையாவது செஞ்சு வச்சிட்டுப் போயிருப்பா."



டவுனிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார் ஆவுடையப்பன். பையன் வந்து உட்கார்ந்து பொத்தானை அழுத்தினான். கணினி சமர்த்தாக ஓடியது. பேச்சி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, "நல்லாத்தான இருக்கு சார்" என்று அவன் கிளம்பினான். ஆள் முன்னால் அவள் வாலாட்ட மாட்டாள் என்று ஆவுடையப்பன் நினைத்துக்கொண்டார். காபியை வேறு அவள் அத்தனை பிரியமாகக் கொடுத்தாளே.

அதற்குப் பிறகு அவர் பெட்டியை மேசையிலிருந்து இறக்கி, தேக்கு அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தார். திரை மட்டும் மேசைமேல் இருந்தது. பின்பலகையில் ஓட்டை போட்டு ஒயரை வெளியே இழுத்தார். பெட்டிக்குப் பூப்போட்ட துணியுறை ஒன்று தைத்து வாங்கி மாட்டினார். அலமாரியைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். போதாதென்று, கதவிடுக்கில் ஒரு முடியை வைத்துவிட்டுப் படுக்கப் போனார். காலையில் முடியைக் காணோம். காற்றுக்கு விழுந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

பூட்டிய பிறகு கணினி இன்னும் சீக்கிரம் அணைந்தது. சில நாள் காபி வருவதற்கு முன்பே அணைந்தது.

பேச்சி டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பும்போது அவள் கை எங்கே போகிறது என்று பார்த்தார். பெருக்கும்போது துடைப்பம் எங்கே போகிறது என்று பார்த்தார். அவளுக்கும் அது தெரிந்தது.

"அய்யா, முதுகுல ரெண்டு கண்ணு குத்திக்கிட்டே இருக்கு. ஒண்ணு திட்டுங்க, இல்ல விடுங்க."

"மடியில கனமில்லேன்னா வழியில என்ன பயம்?"

"எம் மடியில என்னய்யா கனம்? சாவி தொங்குறது உங்க மடியிலல்லா."

அன்று பாதிப் பக்கத்தில் திரை கறுத்தது. ஆவுடையப்பன் நேரே உலகம்மையிடம் போனார். 

"அம்மா, இனி நான் கேக்கப் போறது ஒண்ணுதான். ஒண்ணு இந்த வீட்டுல அவ இருக்கட்டும். இல்ல, நான் இருக்கேன்."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. சிறிது நேரத்தில் பேச்சி ஒரு துணிப்பையோடு வெளியே வந்தாள்.

"யாரும் யாரையும் தள்ள வேண்டாம். சந்தேகப்படுற வீட்டுல உலை வச்சா சோறு வேகாது. மூணு மணி பஸ்ஸுக்கு நான் போறேன்."

"எங்க போவே?" என்றார் உலகம்மை.

"அண்ணன் வீட்டுக்குத்தான். அண்ணி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிடுவா. நான் இந்தப் பக்கம் திருப்பிக்கிடுவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பையின் காதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"மூணு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. அப்படி உக்காரு" என்ற உலகம்மை, ஆவுடையப்பன் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, அலமாரியைத் திறங்க."

"எதுக்கும்மா?"

"பெட்டிகிட்டயே கேப்போம்."

ஒயரைப் பிடுங்கச் சொன்னார். பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். தூக்கும்போது ஆவுடையப்பன் முகம் சுளித்தார்.

"என்ன?"

"சுடுது."

"எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும்."

உறையைக் கழற்றியதும் பெட்டியின் நெற்றி தெரிந்தது. மூன்று பட்டை விபூதி. நடுவே சந்தனம், குங்குமம். அதனடியில் நேற்றைய பட்டை, முந்தாநாள் பட்டை, போன ஆயுதபூஜைப் பட்டை.

உலகம்மை எதையும் தொடவில்லை. திருப்புளியை அவரிடம் கொடுத்தார்.

"பின்பக்கத்து மறையாணியைக் கழத்துங்க. பக்கத் தகடு தானா வரும். உள்ள இருக்கிற சர்க்யூட் பலகையில கை வைக்காதீங்க, ஓரமாப் பிடிங்க."

"பாத்துய்யா" என்றாள் தூணோரம் இருந்த பேச்சி. "நான் வச்ச குட்டிச்சாத்தான் உள்ளதான் இருக்கான். கையைக் கடிச்சிருவான்."

தகடு வந்தது.

உள்ளே எல்லாம் ஒரே சாம்பல் நிறம். விசிறியின் இறக்கைகளில் ஏதோ பிசுபிசுவென்று படிந்து, அதன்மேல் தூசி கம்பளிபோல் ஒட்டியிருந்தது. விசிறிக்கு அடியிலிருந்த அலுமினியத் தகடுகளின் இடுக்கு ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

"வெளியே இருக்கிற காத்தை இழுத்து உள்ளே இருக்கிற சூட்டை ஆத்துறது அந்த விசிறி. ஆத்த முடியலேன்னா, எரிஞ்சு போகாம இருக்கப் பெட்டி தானே அணைஞ்சுக்கிடும். பிரஷ் இருக்கு, தள்ளுங்க. விசிறி சுத்தாம ஒரு விரலை வச்சுக்கங்க."

பெயிண்ட் அடிக்கும் பிரஷ்ஷால் ஆவுடையப்பன் தள்ளினார். செய்தித்தாளில் சாம்பல் குவிந்தது. நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்க்கச் சொன்னார் உலகம்மை. தேய்த்தார். திரும்பக் குத்தினார்.

"இப்போ அந்தக் குவியல்ல கொஞ்சம் எடுங்க."

எடுத்தார்.

"முகர்ந்து பாருங்க."

முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

சாம்பிராணி வாசம்.

தினமும் காலையில் பெட்டியைப் போட்டதும், தட்டச்சுக்கு உட்காரும் முன், அவர் பெட்டிக்கு விபூதி பூசுவார். தூபக்காலைப் பெட்டியின் முகத்துக்கு நேரே பிடித்துச் சுற்றுவார். புகையைப் பெட்டி மளமளவென்று இழுத்துக்கொள்வதைப் பார்த்து அவருக்கு மெய்சிலிர்க்கும். அணையத் தொடங்கியதும், கண்ணேறாக இருக்கும் என்று செவ்வாயும் வெள்ளியும் இரட்டிப்பாகப் போட்டார். அலமாரியில் வைத்த பிறகு, உள்ளே புகையைக் காட்டிக் கதவைச் சாத்திப் பூட்டினார்.

பிடித்திருந்த சாம்பலை எங்கே போடுவது என்று தெரியாமல் அவர் நின்றார்.

"யாரு வேலைன்னு தெரிஞ்சுதா, அண்ணாச்சி?"

அவர் சாம்பலைச் செய்தித்தாளிலேயே திரும்பக் கொட்டினார்.

பேச்சி குத்திக்காட்டாமல் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். அவளுடைய வாய்க்கு அது அதிசயம்.

உலகம்மை செய்தித்தாளை மடித்து அவர் கையில் கொடுத்தார். "தென்னமரத்துத் தூருல போட்டுட்டு வாங்க."

போட்டுவிட்டு வந்து, பெட்டியை மேசைமேல் வைத்தார். உறையை மாட்டவில்லை. சுவரோடு ஒட்டாமல் சற்றுத் தள்ளி வைத்து ஒயர்களைக் குத்தினார். கணினி ஓடியது. இத்தனை நாளும் இரைச்சலோடு ஓடிய விசிறி இப்போது மூச்சு விடுவதுபோல் ஓடியது. அவர் ஒரு வரி தட்டினார். சேமித்தார். இன்னொரு வரி தட்டினார். அதையும் சேமித்தார்.

திரும்பாமலே கேட்டார்.

"இனி அணையாதில்லம்மா?"

"அணையும். பழசுதான?"

"அப்போ நான் யாரைச் சந்தேகப்பட?"

"அணையிறப்போ தெரியும்."

மூன்று மணி ஆகப்போகிறது. பேச்சி எழுந்தாள். நின்ற வாக்கில் உலகம்மையைக் கும்பிட்டாள். ஆவுடையப்பனைக் கும்பிடவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போகிற வழி அந்த மேசையை ஒட்டித்தான். அவள் மேசையைத் தாண்டினாள்.

திரை கறுத்தது. விசிறி நின்றது.

பேச்சி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். இரண்டு கைகளையும் தன்னையறியாமல் தூக்கி விரித்துக் காட்டினாள். வெறும் கைகள்.

ஆவுடையப்பன் அவளைப் பார்த்தார். நெற்றி நரம்பு புடைத்தது. வாய் திறந்தது.

உலகம்மை புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

தெருவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

ஆவுடையப்பன் வாயை மூடினார். பெட்டியின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடு இல்லை. மேசைமேலிருந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு, மேசையைப் பிடித்து மெல்லத் தரையில் முட்டி போட்டார். ஒயரைத் தடவிக்கொண்டே, தான் சற்றுமுன் குத்திய பிளக் வரைக்கும் மேசைக்கடியில் தவழ்ந்து போனார். உள்ளே இருட்டாக இருந்தது.

"பேச்சி" என்று அங்கிருந்தே கூப்பிட்டார். "இந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடிம்மா."

மேசைக்கடியிலிருந்து டார்ச்சோடு ஒரு கை வெளியே நீண்டது.

பேச்சி பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்துவிட்டு, அதை வாங்கிக் குனிந்து பிடித்தாள்.