பார்க்காத வாய்கள்

தாழங்குளத்து மான்களுக்கு ஒரு கொடிய நோய் வந்தது. நாக்கின் அடியில் கொப்புளம் எழும். வெளியே ஒன்றும் தெரியாது. மேயும், துள்ளும், பிறகு ஒருநாள் முழங்கால் மடிந்து விழும். அதற்குள் அது நக்கிய உப்புமண்ணை நக்கிய மான்களுக்கும் நோய் ஒட்டியிருக்கும்.

ஆகவே உப்புத்தரைக்குப் போகும் வழியில் கொக்கு நின்றது. ஒவ்வொரு மானின் நாக்கையும் அலகால் தூக்கிப் பார்த்தது. கொப்புளம் இருந்தால் மூங்கில் புதருக்கு அப்பால் அனுப்பியது. மாலையில் கணக்கைக் கூவியது.

முதலில் மூன்று. பிறகு ஒன்பது. பிறகு இருபது!

தலைவனான கலைமான் சீறியது. "ஏ கொக்கே! நீ பார்க்கப் பார்க்க நோய் பெருகுகிறதே! பக்கத்துக் காடு நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது!"

"தலைவரே, இருப்பதைத்தானே பார்க்கிறேன்!"

"நாளை முதல் தினமும் நாலு வாயை மட்டும் பார். போதும்!"

கொக்கு அந்தக் கூரிய கொம்புகளைப் பார்த்தது. தலையாட்டியது.

மறுநாள் மாலை, "இன்று ஒன்று!" அதற்கடுத்த மாலை, "இன்று ஒன்றுமில்லை!" மான்கள் கூத்தாடின.

செம்பி என்ற பெண்மான் மட்டும் தன் குட்டியை உப்புத்தரைக்கு விடாமல் வேறொரு புதருக்குள் மறைத்தே வைத்திருந்தது. உப்பில்லாமல் குட்டியின் கால்கள் தள்ளாடின.

"பயந்தாங்கொள்ளி! உன் பிள்ளை மட்டும் என்ன தங்கமா?" என்று மற்ற மான்கள் கேலி செய்தன.

செம்பி கொக்கிடம் போனது. "கொக்கண்ணே, என் குட்டியைக் கூட்டி வரலாமா? நிஜத்தைச் சொல்லுங்கள்!"

சற்றுத் தள்ளித் தலைவன் நின்றிருந்தது. "கணக்கில் ஒன்றுமில்லையே, அம்மா" என்றது கொக்கு.

குட்டி வந்தது. பல நாக்குகள் பட்டு ஈரமாயிருந்த மண்ணை ஆசையாக நக்கியது.

சில நாட்களில் அது பால் குடிக்க மறுத்தது. செம்பி அதன் வாய்க்குள் பார்த்தது. நாக்கின் அடியில் கொப்புளம்!

"எத்தனை வாயைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றாய்?" என்று அலறியது.

"நாலு" என்றது கொக்கு. நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதே நேரம் மேய்ச்சலில் ஒரு மான் விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக. எஞ்சியவை தலைவனைச் சூழ்ந்தன. "என்ன செய்வது? சொல்லுங்கள் தலைவரே!"

தலைவன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தன் நாக்கின் அடியில் இருப்பதைக் கொக்கு பார்த்துவிடும்.

தேடுவதைக் குறைத்தால் கணக்குத்தான் குறையும், நோய் குறையாது.