பந்தும் குமிழும் ஏரிக்குப் போன கதை

விழுப்புரத்தில் ஒரு மாடி அறை. அங்கே ஒரு மேஜை மேல் ஒரு சென்சார் வாழ்ந்துவந்தது. கடல் கடந்து வந்தது அது. நம் காதுக்கு எட்டாத ஓர் ஓசையைத் தண்ணீரை நோக்கி அனுப்பும். அந்த ஓசை எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை வைத்து, தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடும். அது சொல்வதைக் கேட்டு ஊராரின் கைபேசிகளுக்குச் செய்தி அனுப்புவது பக்கத்தில் இருந்த சர்க்யூட் போர்டின் வேலை.

"நீ சொல். நான் அனுப்புகிறேன்" என்று போர்டு சொல்லும். இரண்டும் ஒற்றுமையாக இருந்தன.

இவற்றைச் சேர்த்துவைத்தவர்கள் நிலோபரும் தணிகாசலமும். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். ஏரி நிரம்பும் முன்பே ஊரை எச்சரிக்கும் கருவியைச் செய்து, அதையே தொழிலாக நடத்துவது என்று இறங்கியிருந்தார்கள். நிலோபர் கருவியைச் செய்வாள். தணிகாசலம் அதற்கு வேண்டிய புரோகிராமை எழுதுவான்.

முதல் கருவியை வைக்க இடம் கொடுத்தவர் பக்கத்து ஊராட்சித் தலைவர் அஞ்சலாட்சி. அவருடைய ஊர் ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் கலிங்கு வழியாக வெளியேறும். கலிங்குக்குக் கீழே, தாழ்வான இடத்தில், ஒரு காலனி இருந்தது.

"போன வருஷம் பாய் நனைஞ்சப்புறந்தான் தண்ணி வந்ததே தெரிஞ்சுது பாப்பா" என்று அவர் நிலோபரிடம் சொல்லியிருந்தார். "முன்னாடியே சொல்ற மாதிரி ஏதாச்சும் பண்ணிக் குடு."

மதகுத் தூணில் சென்சாரின் முகம் தண்ணீரைப் பார்க்கும்படி அதைப் போர்டோடு சேர்த்துக் கட்டினார்கள். முதல் மழை வந்தது. சென்சாரின் முகத்தில் நீர்த்துளிகள் அப்பிக்கொண்டன. அது அனுப்பிய ஓசை தன் முகத்துத் துளியிலேயே முட்டி அக்கணமே திரும்பியது.

"தண்ணீர் என் முகத்துக்கே வந்துவிட்டது" என்றது சென்சார்.

போர்டு திருப்பிக் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை. ஊருக்கெல்லாம் செய்தி அனுப்பிவிட்டது. காலனிக்காரர்கள் குழந்தைகளையும் பாத்திரங்களையும் தூக்கிக்கொண்டு கொட்டும் மழையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். அஞ்சலாட்சி குடையைப் பிடித்துக்கொண்டு கரைமேல் ஏறிப் பார்த்தார். ஏரியில் பாதித் தண்ணீர்கூட இல்லை.

அவர் கத்தவில்லை. நிலோபரையும் தணிகாசலத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்து, "அடுத்த தடவ மெசேஜ் வந்தா ஒருத்தரும் எழுந்துக்க மாட்டாங்க. எனக்கு அதான் பயமா இருக்குது" என்றார். "பெரிய மழைக்குள்ள சரி பண்ணிடுங்க. இல்லன்னா கழட்டி எடுத்துனு போயிடுங்க."

மாடி அறைக்குத் திரும்பிய சென்சார் மேஜையின் ஓரத்தில் கிடந்தது.

"நான் பொய் சொல்லவில்லை. எனக்குக் கேட்டதைத்தான் சொன்னேன்."

"நானும் நீ சொன்னதைத்தான் அனுப்பினேன்" என்றது போர்டு.

மழைக்கு அசராத வேறு சென்சாரும் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். பெரிய மழைக்குள் அது வந்து சேராது என்று தெரிந்துவிட்டது.

"நிலோ, பெங்களூர் கம்பெனியில இருந்து வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டாங்க" என்றான் தணிகாசலம், அவள் முகத்தைப் பார்க்காமல். "போயிடலாம்னு நினைக்கறேன்."

நிலோபர் முகம் கழுவப் போனாள். குளியலறையில் ஃபிளஷ் டேங்க்கில் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது. அவள் முகத்தைத் துடைத்து முடிக்கும்போது சத்தம் தானாக நின்றது. அவள் துண்டைத் தோளில் போட்டாள். பிறகு டேங்க் மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"தணிகா, இங்க கொஞ்சம் வாயேன்."

"பாத்ரூமுக்கா?"

"வந்து பாரு. தண்ணி ஏற ஏற இந்தப் பந்து ஏறுது."

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"நமக்குத் தோணலையே."

கம்பியின் நுனியில் மிதந்த பிளாஸ்டிக் பந்தைத் தணிகாசலம் பார்த்தான். "இந்தக் கம்பி ஒரு முழம்கூட இருக்காது. இத வெச்சு ஏரிய எப்படி அளப்ப?"

"ஏரிய ஏன் அளக்கணும்? காலனிக்காரங்களுக்கு வேண்டியது தண்ணி கலிங்கத் தொடறதுக்கு முந்தின ஒரு முழந்தான்."

அவன் அறைக்குப் போய்த் தன்னுடைய பழுதான பாட்டுப் பெட்டியை எடுத்துவந்து, தானே திருப்புளியால் திறந்து, வால்யூம் குமிழைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். "பந்து ஏறினா இது திரும்பட்டும். எவ்வளவு திரும்பிச்சுன்னு போர்டு படிச்சுக்கட்டும்."

மேஜை மேல் புதியவர்கள் வந்தார்கள்.

"நான் எங்கே இருந்தேன் என்று சொன்னால் யாரும் என் பக்கத்தில் உட்கார மாட்டீர்கள்" என்றது பந்து.

"நான் சத்தத்தைக் கூட்டுவேன், குறைப்பேன். வேறொன்றும் தெரியாது" என்றது குமிழ்.

போர்டுக்குக் கவலையாகிவிட்டது. "எனக்குச் சென்சாரின் பேச்சு மட்டும்தான் புரியும். அது எண்ணாகச் சொல்லும். நீ எப்படிச் சொல்வாய்?"

"கூட இருக்கிறது, குறைவாக இருக்கிறது. அவ்வளவுதான்."

"எவ்வளவு கூட?"

"என்னைத் திருப்புகிற அளவு கூட."

தணிகாசலம் உட்கார்ந்து புரோகிராமைத் திருத்தி எழுதினான். குமிழின் பேச்சு போர்டுக்கு மெல்ல மெல்லப் புரியத் தொடங்கியது. இன்னொரு பழக்கத்தையும் அவன் அதற்குச் சொல்லிக்கொடுத்தான். ஒரு தடவை கேட்டதும் அனுப்பக்கூடாது. திரும்பத் திரும்பக் கேட்டு, பதில் மாறாமல் இருந்தால்தான் அனுப்பவேண்டும்.

"உன்னிடம் ஒரு நாளும் நான் திருப்பிக் கேட்டதில்லை" என்று போர்டு சென்சாரிடம் சொன்னது. "கேட்டிருந்தால் உனக்கும் சந்தேகம் வந்திருக்கும்."

"வந்திருக்கும்" என்று ஒப்புக்கொண்டது சென்சார்.

ஏரிக்குப் போனார்கள். அப்போதிருந்த நீர்மட்டத்தில் பந்தை மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். காற்று பலமாக இருந்தது.

"ஏறிவிட்டது என்கிறாய். இறங்கிவிட்டது என்கிறாய். எதை நம்ப?" என்றது போர்டு.

"பந்து ஆட்டுகிறது. நான் ஆடுகிறேன்" என்றது குமிழ்.

"அலை என்னைத் தூக்கிப் போடுகிறது. நான் என்ன செய்வேன்?" என்றது பந்து.

நிலோபர் தலையில் கைவைத்துக்கொண்டு மதகுப் படியில் உட்கார்ந்துவிட்டாள். தணிகாசலம் சுற்றும்முற்றும் பார்த்தான். கரையோரக் கொட்டகையில் ஒரு நீல டிரம் நின்றது.

"தலைவரம்மா, அந்த டிரம் கிடைக்குமா?"

"மாட்டுக்குத் தண்ணி வைக்கறது" என்றார் அஞ்சலாட்சி. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "எடுத்துக்கோ தம்பி. மாட்டுக்கு வேற பாத்துக்கலாம்" என்றார்.

டிரம்மின் அடியில் சிறுசிறு துளைகள் போட்டு, அதைத் தண்ணீரில் இறக்கிக் கட்டினார்கள்.

"உள்ளே வந்து இரு" என்றது டிரம் பந்திடம். "தண்ணீரை விடுவேன். அலையை விடமாட்டேன்."

வெளியே ஏரி குதித்தது. உள்ளே பந்து அமைதியாக மிதந்தது. போர்டு கேட்ட ஒவ்வொரு தடவையும் குமிழ் ஒரே பதிலைச் சொன்னது. பிறகு டிரம்மை மேலே தூக்கி, அதன் அடி கலிங்கின் மட்டத்துக்கு ஒரு முழம் கீழே இருக்கும்படி மதகுத் தூணில் பொருத்தினார்கள். குமிழையும் போர்டையும் மழை படாமல் ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து மூடினார்கள்.

பெரிய மழை வந்தது. விடாமல் பெய்து, ஒரு நண்பகலில் தண்ணீர் டிரம்மின் துளைகளுக்குள் நுழைந்தது. பந்து எழுந்தது. குமிழ் திரும்பியது.

"ஏறுகிறதா?" என்றது போர்டு.

"ஏறுகிறது."

"இப்போதும்?"

"இப்போதும்."

போர்டு இன்னும் பல தடவை கேட்டது. பிறகு அனுப்பியது.

அஞ்சலாட்சி செய்தியைப் பார்த்ததும் நிலோபரைப் போனில் கூப்பிட்டார். "பாப்பா, நெஜந்தானா?"

"நெஜந்தாம்மா. இந்தத் தடவ கேட்டுக் கேட்டுத்தான் அனுப்பியிருக்கு."

அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காலனிக்குப் போனார். முதல் வீட்டு வாசலிலேயே சின்னராசு என்பவர் மறித்துக்கொண்டு நின்றார். "போன தடவையும் இதே மெசேஜ்தாம்மா வந்துச்சு."

"வந்துச்சு. நானுந்தான் நனைஞ்சேன்" என்றார் அஞ்சலாட்சி. "எனக்காக ஒருக்கா வா. தண்ணி வரலன்னா நாளைக்கு என்ன நடுத்தெருவுல நிக்க வெச்சுக் கேளு."

சின்னராசு தயங்கினார். பிறகு தாயாரைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். அவர் போவதைப் பார்த்து மற்றவர்களும் கிளம்பினார்கள். கடைசி ஆட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது கலிங்கு வழியத் தொடங்கியது. பொழுது சாய்வதற்குள் காலனி வீடுகளில் முழங்கால் அளவு தண்ணீர். வீடுகளில் ஒருவரும் இல்லை. எல்லாரும் பள்ளிக்கூடத்து வராந்தாவில் உட்கார்ந்து சூடாகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மாடி அறையில் தணிகாசலத்தின் போன் அடித்தது. "இல்ல சார், பெங்களூருக்கு வரல" என்று அவன் சொன்னது நிலோபர் காதில் விழுந்தது. அவள் கேட்காததுபோல் சால்டரிங் வேலையைத் தொடர்ந்தாள்.

மழைக்காலம் முடிந்ததும், சுத்தம் செய்வதற்காக எல்லாவற்றையும் கழற்றி மேஜைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வாரம் வேறொரு ஊரிலிருந்து ஒருவர் வந்தார்.

"எங்க ஏரி பூராவும் ஆகாயத்தாமரை. இந்த டிரம்மும் பந்தும் அங்க வேல செய்யுமா?"

தணிகாசலம் "செய்யும்" என்று சொல்ல வாயெடுத்தான். நிலோபர் முந்திக்கொண்டாள். "செய்யாதுங்க. துளையெல்லாம் வேர் அடைச்சுக்கும். வேற ஏதாச்சும் பண்ணணும். என்னன்னு இன்னும் தெரியல. நாளைக்கு வந்து ஏரியப் பார்க்கறோம்."

வந்தவர் போனதும் அவள் ஒரு பையை எடுத்து, மேஜைமேல் இருந்தவற்றை ஒவ்வொன்றாக உள்ளே போட்டாள்.

"என்னையும் எதற்குப் போடுகிறாள்?" என்று கேட்டது சென்சார்.

"அங்கே யார் உதவுவோம் என்று அவளுக்கே தெரியாது" என்றது பந்து, சற்று நகர்ந்து அதற்கு இடம் கொடுத்தபடி. "அதனால்தான் போடுகிறாள்."