மாதுளங்குச்சியில் ஒரு மொட்டு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலையின் அடிவாரத்தில், பச்சை வலைக் கூரைக்குக் கீழே, ஃபிலோமினா சட்டிகளில் மரம் வளர்த்தாள். கைக்கடக்கமான ஆலமரம், முழங்கால் உயரத்தில் புளியமரம், டீக்கோப்பை அளவு சட்டியில் காய்த்துக் குலுங்கும் அத்தி. போன்சாய் கற்றுக்கொள்ள வருபவர்கள் அவளை டீச்சர் என்பார்கள். கேட்ட கேள்விக்கு அவள் வாய் திறப்பது குறைவு. கை ஏதாவது செய்யும். அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சடையப்பன் அவளைவிட ரொம்ப மூத்தவர். லாரி ஓட்டியவர். முழங்கால் தேய்ந்துபோய் வண்டியை விட்டு இறங்கியவர். அவருடைய ஒரே மகன் திருமாறன் குடியை நிறுத்தும் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பிய மாதத்தில்தான் அவர் இங்கே வரத் தொடங்கினார். "நீங்களும் ஏதாவது வேலை வெச்சுக்குங்க" என்று அங்கிருந்த டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

பனி இறங்கியது. தோட்டத்து மூலையில் இருந்த பெரிய மாதுளை இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்றது. ஃபிலோமினா கத்தரியைச் சடையப்பன் கையில் கொடுத்தாள்.

"இப்பவா? மரம் செத்தாப்ல நிக்குதே, டீச்சர்."

"தூங்குது. வெட்டறதுக்கு இதான் நேரம்."

அவர் நல்ல நேரான குச்சிகளாகப் பார்த்து வெட்டி அடுக்கினார். அவள் அந்த அடுக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள். அடியில் கோணலாக வளைந்திருந்த குச்சிகளாகத் தானே தேடி வெட்டினாள்.

"நேரா இருக்கறதுக்கு என்ன கொறச்சல்?"

"நாளைக்கு இதான் அடிமரம். நேரா இருந்தா யாரு பாப்பாங்க?"

சடையப்பன் சிரித்துவிட்டார். "அதுவும் சரிதான். நேர் ரோட்டுலதான் டிரைவர் தூங்கிடறான்."

அடியைச் சாய்வாகவும் நுனியை மட்டமாகவும் வெட்ட அவள் சொல்லிக் கொடுத்தாள். அவர் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் மட்டமாக வெட்டி, ஈரமணல் நிரப்பிய தொட்டியில் செருகிவிட்டு, பெருமையோடு கைதட்டி மணலை உதறினார். ஃபிலோமினா குனிந்து பார்த்தாள்.

"அண்ணே, பாதிக் குச்சி தலைகீழா நிக்குது."

"இலையும் இல்ல, வேரும் இல்ல. இதுக்குத் தல எது, கால் எது?"

"உங்களுக்குத்தான் தெரியல. அதுக்குத் தெரியும்."

அவர் முனகிக்கொண்டே எல்லாவற்றையும் பிடுங்கி, கணுவுக்கு மேலிருக்கும் அரும்பு எந்தப் பக்கம் பார்க்கிறதென்று தடவித் தடவி, அடியைச் சாய்வாக வெட்டி, திரும்ப நட்டார்.

மாசி பிறந்ததும் குச்சிகள் துளிர்த்தன. செம்பு நிறத்தில் பொடிப்பொடியாக இலைகள். தொட்டியைப் பார்த்த சடையப்பனுக்கு நின்ற இடத்தில் கால் தரிக்கவில்லை. மறுநாள் ஒரு பொட்டலம் அல்வா வாங்கிக்கொண்டு வந்தார்.

"எதுக்குண்ணே?"

"ரெண்டு சந்தோசம், டீச்சர். இங்க துளுத்திருச்சு. அங்க திருமாறனுக்குப் பொண்ணு அமைஞ்சிருச்சு. வெள்ளிக்கிழம போயி பூ வெக்கறோம்."

ஃபிலோமினா அல்வாவைப் பிரித்து ஒரு விரல் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். "யாரு பொண்ணு?"

"ஆத்தூர்ப் பக்கம். அருணகிரின்னு, பழைய சிநேகிதரு ஒருத்தர் மூலமாப் பழக்கம். அவரு மக தமயந்தி. ஜவ்வரிசி ஆலையில கணக்கு பாக்குது. என்ன ஒரு பொறும தெரியுமா, அந்தப் புள்ளைக்கு? ரெண்டு வருசம் படுக்கையில கெடந்த அம்மாவ அது ஒருத்தியாத்தான் பாத்திருக்கு. ஒரு முகஞ்சுளிப்பு இல்ல."

"திருமாறன் என்ன சொல்றாரு?"

"அவன் என்ன சொல்லுவான்? உங்க இஷ்டம்ப்பான்னுட்டான். பட்டறைக்கு ஒழுங்காப் போறான். முகத்துல ஒரு களை வந்திருக்கு. என்னைக்கூடத் தினம் அவன்தான் ஸ்கூட்டர்ல கொண்டாந்து விடறான்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

எதைக் கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. புரியாதவர் போலத் தொட்டிப் பக்கம் திரும்பினார்.

"பழசையெல்லாம் எதுக்கு, டீச்சர்? வீட்டுல ஒருத்தி சோத்தப் போட்டுட்டுக் காத்துக்கிட்டிருக்கான்னா, கடப் பக்கம் கால் போகுமா? கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிரும்."

"இப்பப் போகுதா?"

"சேச்சே. இப்பத் தொடறதே இல்ல. அதனாலதான் சொல்றேன், இப்பவே முடிச்சுரணும்."

சொல்லி முடித்த பிறகு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது போல அவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

தொட்டியில் ஒரு குச்சி மட்டும் மற்றவற்றை முந்திக்கொண்டிருந்தது. அதன் நுனியில், இலைகளுக்கு நடுவே, மெழுகில் செய்தது போல ஒரு சிவப்பு மொட்டு. சடையப்பன் அதைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அடி சக்கை! நட்டு முழுசா ரெண்டு மாசம் ஆகல. பூ வெச்சிருச்சு பாருங்க! என்ன ஒரு சகுனம்!"

ஃபிலோமினா குனிந்து, நகத்தால் அந்த மொட்டைக் கிள்ளிப் போட்டாள்.

"ஏய்!" என்று கத்திவிட்டார் சடையப்பன். டீச்சர் என்பதெல்லாம் மறந்துபோயிற்று. "உனக்கென்ன கிறுக்கா? பூத்து நிக்கறதப் போயிக் கிள்ளுவாங்களா? நல்ல நாளும் அதுவுமா!"

மணலை விரலால் இளக்கி, அந்தக் குச்சியை மெல்ல மேலே எடுத்தாள். அவர் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி அதில் வைத்தாள்.

அடிப்பக்கம் அவர் சாய்வாக வெட்டியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஓரத்தில் லேசாக ஒரு தடிப்பு. அவ்வளவுதான். ஒரு நூலிழை வேர்கூட இல்லை.

சடையப்பன் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேரே இல்லியே. அப்புறம் எப்படிப் பூத்துச்சு?"

"கையில இருந்ததச் செலவழிச்சுப் பூத்திருக்கு. மரத்துல இருந்தப்ப சேத்து வெச்சது."

"இலை?"

"அதுவும் அப்படித்தான்."

"அப்ப எல்லாக் குச்சியும் இப்படித்தானா?"

"சிலது வேர் விட்டிருக்கும். மேல பாத்துக் கண்டுபிடிக்க முடியாது."

"எப்பத்தான் தெரியும்?"

"மறுபடி பனி வரும். எல்லா இலையும் கொட்டும். அதுக்கப்புறம் தானாத் துளிர்த்தா, நம்பலாம்."

"கொட்டுமா?" அவர் குரல் தாழ்ந்தது. "கொட்டிருச்சுன்னா, போச்சுன்னுதானே நெனப்போம்?"

"இது இலை கொட்டற சாதி மரம், அண்ணே. கொட்டத்தான் செய்யும். அன்னிக்கிப் பிடுங்கி எறிஞ்சிராதீங்க."

மேலே சாலை வளைவில் ஏதோ ஒரு பேருந்து கியரை மாற்றி முனகிக்கொண்டு ஏறியது. பழக்கத்தில் சடையப்பனின் இடதுகால் கிளட்சை மிதிப்பது போலக் கொஞ்சம் அசைந்தது.

கையிலிருந்த குச்சியை அவர் மணலில் செருகிப் பார்த்தார். இளக்கிய மணலில் அது நிற்காமல் சாய்ந்தது. பக்கத்துச் சட்டியில் போன வருடத்து மாதுளை ஒன்று வேர் பிடித்துத் தளதளவென்று நின்றது. சடையப்பனுக்கு யோசனை வந்துவிட்டது.

"டீச்சர், இத அந்தச் சட்டியில செருகி, அந்தச் செடியோட சேத்துக் கட்டிட்டா? அது நல்லா வேரோடி நிக்குது. இதையும் தாங்கிக்குமில்ல?"

"கட்டுங்க."

அவர் சணல் எடுத்து, லாரியில் தார்ப்பாய் கட்டிய கையால் அழுத்தமாக ஒரு முடிச்சுப் போட்டார். தள்ளி நின்று பார்த்தார். குச்சி விழவில்லை. இரண்டு செடியும் ஒன்றாகப் பிறந்தது போல நின்றன.

"பாத்தீங்களா? நிக்குது!"

"நிக்குது" என்றாள் ஃபிலோமினா. "அந்தச் செடியக் கேட்டீங்களா?"

அவர் அப்போதுதான் அந்தச் செடியைப் பார்த்தார். அதன் இளந்தண்டு முடிச்சு விழுந்த இடத்தில் வளைந்திருந்தது. சணல் அழுத்திய கணுவில் பட்டை லேசாக உரிந்து பச்சை தெரிந்தது. ஒரு பக்கத்து இலைகள் சட்டி விளிம்பில் நசுங்கிக் கிடந்தன.

சடையப்பன் முடிச்சை அவிழ்த்தார். அழுத்திப் போட்ட முடிச்சு சுலபத்தில் அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தார். குச்சியை எடுத்துப்போய்ப் பழைய தொட்டியிலேயே, சாய்வாக வெட்டிய பக்கம் கீழே இருக்கிறதா என்று பார்த்து ஊன்றி, சுற்றிலும் மணலை அழுத்தினார். பிறகு கைகழுவக்கூட மறந்து, மண் கையோடு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். புளியஞ்சட்டிகளைத் தாண்டி வலையோரம் போய் நின்றார்.

"அருணகிரியா? நான் சடையப்பன் பேசறேன்… ஆமா, நல்லாருக்கேன்… இல்ல இல்ல, வெள்ளிக்கிழம விசயமாத்தான். பூ வெக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பையனப் பத்தி… உங்க மகளையும் பக்கத்துல கூப்புட்டுக்குங்க. அது கேக்கட்டும்."

அதற்குமேல் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஃபிலோமினா உரிந்த கணுவில் மஞ்சள் குழைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். அவர் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அப்புறம் அந்தப் புள்ளதான் போன வாங்கிச்சு. சொன்னதுக்கு நன்றிங்க மாமா, வெள்ளிக்கிழம வர வேணாம்னுச்சு. வெச்சிருச்சு."

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. திருமாறன் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே கையசைத்தான்.

"டீச்சர், எங்கப்பா உருப்படியா ஏதாச்சும் நட்டாரா, இல்ல அதே தலைகீழ்தானா?"

"இப்பல்லாம் நேரா நடறாரு" என்றாள் ஃபிலோமினா.

அவன் சிரித்தான். சடையப்பன் அவனைப் பார்த்தபடி நின்றார். நல்ல பிள்ளை. சட்டையில் கிரீஸ் கறை. கன்னத்தில் புதிதாகச் சதை பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை போகவில்லை என்று அவனிடம் எந்தத் தெருவில் வைத்துச் சொல்வது, சொன்னால் அவன் வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று அவர் மனம் வழியெல்லாம் ஓடிப் பார்த்துவிட்டு வந்தது.

"வரேன், டீச்சர்" என்றார். ஆனால் கிளம்பவில்லை. தொட்டியோரம் கிடந்த பூவாளியை எடுத்தார். அதில் தண்ணீர் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே, மகனுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டார்.

"பொழைக்குமா பொழைக்காதான்னு தெரியாமலே, எத்தன நாளைக்குத் தண்ணி ஊத்தறது?"

ஃபிலோமினா நிமிர்ந்தாள்.

"தெரிஞ்சாத்தான் ஊத்துவீங்களா, அண்ணே?"