குவாரித் தண்ணீரும் மூன்று கையெழுத்தும்

மூக்கைப் பொத்திக்கொண்டாவது இந்த வழக்கைக் கடைசிவரை கேளுங்கள். தீர்ப்பை உங்களிடம்தான் கேட்கப்போகிறேன்.

கொழிஞ்சியூரில் குப்பை அள்ளி ஐம்பது நாளாயிற்று. பழைய கிடங்கு நிரம்பிவிட்டது. கறிக்கடைக் கழிவும் பிள்ளைகளின் பீத்துணியும் சந்தைத் தெருவில் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தன. சோற்றில் கை வைப்பதற்குள் ஈ வைத்துவிடும். இந்த நாற்றத்துக்கு நடுவில் ஊர்மன்றத் தேர்தலும், அதோடு ஒரு பொதுவாக்கெடுப்பும் வந்தன. "ஊர்க் குப்பையை மேற்குக் குவாரியில் கொட்டலாமா?" என்பதுதான் கேள்வி.

மன்றத்தில் மூன்று இடம். ஆளுக்கு மூன்று பெயர் எழுதலாம். ஜெயித்த மூவரில் இருவர் கையெழுத்திட்டால் எந்தத் தீர்மானமும் செல்லும்.

தேர்தலில் நின்ற பாத்திரக்கடை தெய்வசிகாமணி ஊர்க்கூட்டத்தில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். "ஊரு என்ன சொல்லுதோ அதுக்குக் கையெழுத்துப் போடுவேன். மாறினா நான் மனுசனே இல்ல."

இன்னொரு வேட்பாளரான தையற்கடை மரகதவல்லி அதே கூட்டத்தில் எழுந்து நின்றார். "அந்தக் குவாரித் தண்ணியத்தான் அறுபது வீடு குடிக்குது. ஊரே சொன்னாலும் நான் போட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன். புடிக்கலைன்னா எனக்கு ஓட்டுப் போடாதீங்க."

மூன்றாவது வேட்பாளர் சௌந்தரபாண்டி எந்த வாக்கும் கொடுக்கவில்லை. கும்பிட்ட கையை இறக்காமல் தெருத்தெருவாகப் போய்வந்தார்.

எழுநூறு பேர் வாக்களித்தார்கள். கொட்டலாம் என்றவர்கள் ஐந்நூற்றுப் பத்து. வேண்டாம் என்றவர்கள் நூற்றுத் தொண்ணூறு. மூவருமே ஜெயித்தார்கள். மரகதவல்லிக்கு விழுந்த வாக்கு ஐந்நூற்று இருபது, மூவரிலும் அதிகம்.

தெய்வசிகாமணி அதன்பிறகுதான் முதன்முதலாகக் குவாரியைப் பார்க்கப் போனார். பாறையில் வெட்டிய படிகளில் பெண்கள் குடத்தோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். கல்லுடைக்கும் சடச்சி ஒரு சொம்பு மொண்டு கொடுத்தாள். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது.

"குடிங்கய்யா. அடுத்த வாரம் இதுல கோழிக்குடல் மிதக்கும். அப்பவும் வாங்க, தாரேன்."

அவர் குடிக்காமலே சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். திரும்பும் வழியில், மாடியிலிருந்து ஒரு குப்பைப் பை அவர் காலடியில் விழுந்து வெடித்தது. "எப்பண்ணே அள்ளுவீங்க?" என்று மேலேயிருந்து ஒரு குரல். தன் ஊரின் மேல் அவருக்கு முதல்முறையாக அருவருப்பு வந்தது. இவர்களுக்காகவா கற்பூரம் அடித்தோம் என்று தன் மேலும் வந்தது. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

மன்றம் கூடியது. சௌந்தரபாண்டிதான் முதலில் பேனாவை எடுத்தார். "நாம தபால்காரன் மாதிரி. கடுதாசில என்ன இருக்குன்னு பாக்குறது நம்ம வேலை இல்ல." படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, பஜ்ஜி வந்துவிட்டதா என்று கேட்டார்.

மரகதவல்லி தாளைத் தொடவில்லை. "அண்ணே, சத்தியம் பண்றப்ப குவாரியப் பாத்திருந்தீங்களா?"

"இல்லம்மா."

"இப்பப் பாத்துட்டீங்க."

"பாத்துட்டேன். ஆனா வாக்குக் கொடுத்துட்டேனே."

தெய்வசிகாமணி கையெழுத்திட்டார். மறுநாளே பதவியைத் துறந்தார்; குவாரியோரம் ஒரு குடிசை பிடித்துக் குடியேறினார். குப்பை வண்டிகள் வந்தன. அந்த அறுபது வீடும் குடித்த தண்ணீரையே அவரும் குடித்தார், அவர்களைப் போலவே வாந்தியெடுத்தார். சந்தைத் தெரு பளிச்சென்று ஆனது. வாக்குத் தவறாத மனிதர் என்று ஊர் அவரை மெச்சிக்கொண்டது.

சொன்னதைச் செய்து, அதன் வினையையும் தானே சுமந்தவர் ஒருவர். ஊர் சொன்னதை மறுத்தவர் ஒருவர். ஏனென்று கேட்காமல் கையெழுத்திட்டவர் ஒருவர். இப்போது சொல்லுங்கள்: மூவரில் யார் செய்தது சரி?

விடை: மரகதவல்லி செய்ததே சரி. வேண்டாம் என்ற நூற்றுத் தொண்ணூறு பேரும் அவருக்கே போட்டார்கள் என்று வைத்துக்கொண்டாலும், மிச்சம் முந்நூற்று முப்பது பேர் குவாரிக்கும் போட்டு, அதைத் தடுப்பேன் என்றவருக்கும் போட்டவர்கள். நாற்றமும் தொலைய வேண்டும், பழியும் தங்கள் மேல் விழக்கூடாது! இப்படி இரண்டு வாயால் பேசிய ஊரில், ஒரே வாயால் பேசியவர் அவர்தான். தம் மனசாட்சிப்படி நடக்கும் உரிமையை அவர் ஊரிடம் வெளிப்படையாகக் கேட்டுத்தான் வாங்கினார். சௌந்தரபாண்டியைப் பற்றிப் பேசவே குமட்டுகிறது. தெய்வசிகாமணியோ, பார்க்காத ஒன்றுக்கு வாக்குக் கொடுத்தார். பார்த்த பிறகும் தன் வாக்கைத்தான் காப்பாற்றினார், அறுபது வீடுகளை அல்ல. அவரும் குடித்தாரே என்று உருகாதீர்கள். அவர் குடித்ததால் அந்தத் தண்ணீர் ஒரு குடம்கூடச் சுத்தமாகவில்லை.