வெட்டிவேரின் தாகம்

காற்றுக்குக் காதும் புல்லுக்கு வாயும் இருந்த காலம் அது. நல்லூற்றுப்பட்டி என்ற ஊரை ஒட்டி ஓர் ஆறு ஓடியது. அதன் கரையில் ஆள் உயரத்துக்கு ஒரு புல் புதர் புதராக வளர்ந்து நின்றது. மணப்புல் என்று அதற்குப் பெயர். அப்போது அதன் வாசமெல்லாம் பூவில்தான் இருந்தது. பூத்துவிட்டால் அக்கரை வரைக்கும் மணக்கும். விடிந்ததும் வருகிற தேனீக்கள் பொழுது சாய்ந்தால்தான் போகும். எங்கேயும் நிற்காத காற்றுகூட அந்தப் புல்லை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நகரும். வேர் வெறும் வேர். அதை யாரும் முகர்ந்து பார்த்ததில்லை.

அந்த ஊரின் கடைசிக் குடிசையில் பூவாயி இருந்தாள். கணவன் சடையன் கிணறு வெட்டுகிறவன். அந்தச் சித்திரையில் இரண்டு நாள் நடைத் தொலைவில் இருந்த ஓர் ஊருக்கு வேலைக்குப் போயிருந்தான். வீட்டில் பூவாயியும் மூன்று மாதப் பெண் குழந்தை நாச்சியும் மட்டும்தான். நாச்சிக்கு முன்னால் ஒன்று பிறந்து, இரண்டு கோடைக்கு முன் காய்ச்சலில் போய்விட்டது. அதனால் வெயில் ஏறினாலே பூவாயிக்கு இருப்புக் கொள்ளாது.

அந்த வருஷம் மாசியிலேயே ஆறு வற்றிவிட்டது. பங்குனியில் நாச்சியின் கழுத்தில் வேர்க்குரு பூத்தது. சித்திரையில் உடம்பெல்லாம் அனலாகக் கொதித்தது. பால் குடிக்க மறுத்தது. அழுதுகொண்டே இருந்த குழந்தை ஒரு நாள் காலையில் அழுகையையும் நிறுத்திவிட்டது. பூவாயி அதைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். எங்கே போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டில் மட்டும் இருக்க முடியாது என்று தெரிந்தது.

முதலில் ஆலமரத்தடிக்குப் போனாள். ஊர் மாடெல்லாம் அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றன. அந்த மூச்சே சூடாக இருந்தது. அங்கிருந்து குட்டைக்குப் போனாள். சேற்றில் படுத்திருந்த எருமை அவளைப் பார்த்ததும் ஒதுங்கி இடம் விட்டது. பூவாயி முழங்கால் அளவில் இறங்கி, தண்ணீரை அள்ளிக் குழந்தையின் காலில் விட்டாள். வெந்நீர் பட்டதுபோல் குழந்தை காலை இழுத்துக்கொண்டது.

"உச்சிக்கு இதுவும் கொதிக்கும் பிள்ளே. என் தோலு தடிச்ச தோலு, தாங்குது. பச்சப்பிள்ளை தாங்காது, கொண்டு போயிரு" என்றது எருமை.

பிறகு ஒரு கரையான் புற்றைத் தேடிப் போனாள். உள்ளே குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது, ஆனால் கைகூட நுழையாதே என்று கரையான்கள் வருத்தப்பட்டன. பாதம் கொப்பளிக்க மணலில் ஓட்டமும் நடையுமாக அவள் ஆற்றங்கரைக்கு வந்தபோது, காற்று அங்கே மணப்புல்லைச் சுற்றிக்கொண்டிருந்தது.

பூவாயி வழியை மறித்து நின்றாள். என் வீட்டுக்கு வா, ஒரு பொழுது மட்டும் இருந்துவிட்டுப் போ என்று கெஞ்சினாள். காற்று அவளைச் சுற்றிச் சுற்றி வந்தபடியே பேசியது. நின்றுவிட்டால் தனக்குச் சாவு என்றும், வெயிலை முதுகில் சுமந்துகொண்டு அலைவதால் எந்த வீட்டுக்குள் போனாலும் அனலைத்தான் கொட்ட முடியும் என்றும் சொன்னது.

"அப்ப இந்தப் புல்லுக்கு மட்டும் ஏன் வர்றே?"

"வாசத்துக்கு வர்றேன். அதோட, அது வேர்ல ஈரம் இருந்தா, அதுல பட்டு என் சூடு இறங்கும். இப்ப அந்த ஈரமும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே காற்று போய்விட்டது.

பூவாயிக்கு அது போதுமாக இருந்தது. கை கொள்ளுமட்டும் பூக்கதிரை ஒடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். வாசலில் செருகுவதற்குள் பூ வாடிச் சருகாகிவிட்டது. வாசம் வழியிலேயே போய்விட்டது. அப்படியே திரும்பினாள். இந்த முறை அவள் கையில் சடையனின் சிறிய மண்வெட்டி இருந்தது.

குழந்தையைப் புதர் நிழலில் கிடத்திவிட்டு, மணப்புல்லிடம் அதன் வேரைக் கேட்டாள். வேரை வாசலில் கட்டினால் காற்று அதில் பட்டுச் சூடு இறங்கி உள்ளே வரும் என்றாள்.

புல் இல்லையென்று சொல்லவில்லை. "எடுத்துக்க தாயி. ஆனா நாப்பது நாளா நான் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல. ஒரு குடம் கொண்டாந்து ஊத்து. நான் குடிச்சு முடிக்கட்டும். விடிஞ்சதும் வெட்டிக்க. தாகத்தோட வெட்டினா, என் பூவில வாசம் தங்காது."

குட்டைத் தண்ணீரோ கொதிக்கிறது, வேரில் ஊற்ற முடியாது. ஆற்று மணலில் தோண்டியிருந்த ஊற்றில் ஒரு குடம் நிறைய அரைநாள் ஆகும். வீட்டுப் பானையில் பாதித் தண்ணீர் இருந்தது. அது நாச்சிக்கு என்று வைத்தது. பூவாயி குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள். அதன் வயிறு சின்னதாக, வேகமாக ஏறி இறங்கியது. போன குழந்தைக்கும் கடைசி நாளில் இப்படித்தான் இருந்தது.

"விடியிற வரைக்கும் இது இருக்காது" என்றாள். மண்வெட்டியை ஓங்கினாள்.

அவள் வெட்ட வெட்ட, மேலே பூக்களின் மணம் குறைந்துகொண்டே வந்தது. கடைசி வேர் கையோடு வந்தபோது கரை முழுவதும் மணமற்றுப்போனது. தேனீக்கள் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுக் கூட்டமாகக் கிளம்பிப் போயின. பூவாயி நிமிர்ந்து பார்க்கவில்லை. வேரையும் குழந்தையையும் அள்ளிக்கொண்டு நடந்தாள்.

வேர்களை ஈர்க்கில் கோத்துத் தட்டிபோல் முடைந்து வாசலில் தொங்கவிட்டாள். பிறகு காற்றுக்காகக் காத்திருந்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், குழந்தையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் மாற்றினாள். காற்று வந்தது. காய்ந்த வேரில் உரசிக்கொண்டு, கொண்டுவந்த அனலை அப்படியே வீட்டுக்குள் கொட்டிவிட்டுப் போனது. ஒரு மணமும் இல்லை. நாச்சியின் தலை அவள் கையில் துவண்டு சரிந்தது.

அப்போதுதான் தான் செய்தது பூவாயிக்கு உறைத்தது. குடிக்கக் கேட்ட வாய்க்குக் கொடுக்காமல் வெட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். தாகத்தில் கிடப்பது தன் குழந்தை மட்டும் இல்லை.

பானையை எடுத்தாள். அதை ஊற்றிவிட்டால் குழந்தையின் உதட்டை நனைக்கக்கூட வீட்டில் தண்ணீர் இருக்காது. ஒரு விரலை மட்டும் நனைத்து நாச்சியின் வாயில் வைத்தாள். மிச்சம் அத்தனையையும் மேலிருந்து கீழாக வேரின் மேல் ஊற்றினாள்.

"நீ கேட்டது இதுதான். அப்பவே தந்திருக்கணும். குடி ஆத்தா" என்றாள்.

வேர் குடித்தது. உறிஞ்சும் சத்தம் அவளுக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு, முதல் மழை விழுந்த மண்போல ஒரு மணம் மெல்லக் கிளம்பியது. பூவில் இருந்த மணம் இல்லை அது. அதைவிட ஆழமாக, மண்ணுக்கடியில் எங்கேயோ இருந்து வருவதுபோல் இருந்தது. ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த காற்று அதை முகர்ந்து திரும்பியது. ஈர வேருக்குள் புகுந்து, முதுகிலிருந்த வெயிலை அங்கே இறக்கிவிட்டு, குளிர்ந்து உள்ளே வந்தது. நாச்சியின் நெற்றியைத் தொட்டது. நாலு மூச்சுக்குப் பிறகு குழந்தை முனகியது. பிறகு அழுதது. பூவாயி மார்பில் சேர்த்துக்கொண்டாள். அது பால் குடித்தது.

ஆனால் வெயிலில் வேர் சீக்கிரம் காய்ந்தது. காய்ந்ததும் மணம் நின்றது, காற்றும் போய்விட்டது. பூவாயி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊற்றுக்கு ஓடினாள். இரண்டு கை ஊறினால் இரண்டு கை கொண்டுவந்து தெளித்தாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் சடையன் வந்தபோது நாச்சியின் உடம்பில் சூடு இல்லை. ஓடி ஓடிக் களைத்த பூவாயிக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் மனம் வரவில்லை.

அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இருவரும் கரைக்குப் போய், வெட்டிப்போட்ட புல்லின் தண்டுகளை எடுத்து அங்கேயே நட்டார்கள். பூவாயி நாள்தோறும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். புல் பிழைத்தது, வளர்ந்தது, பூத்தது. பூவில் மணம் இல்லை. தேனீக்களும் வரவில்லை.

"என் மேல கோவமா?" என்று பூவாயி ஒரு நாள் கேட்டாள்.

"கோவம் இல்ல. பிள்ளை பிழைச்சுதே, அது போதும். ஆனா அன்னிக்கு இருந்த தாகத்தை என் வேர் மறக்க மாட்டேங்குது" என்றது புல்.

அந்தச் சித்திரையிலிருந்துதான் மணப்புல்லுக்கு வெட்டிவேர் என்று பேர் வந்தது. அதன் பூவை யாரும் முகர்வதில்லை. கோடை வந்தால் வாசலிலும் சன்னலிலும் வெட்டிவேர்த் தட்டி கட்டுகிறவர்கள் பொழுதுக்கும் எழுந்து எழுந்து தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிறார்கள். முதலில் அதற்குக் குடிக்கக் கொடுக்க வேண்டும். பிறகுதான் அது மணக்கும்.